கவலையை வெல்லும் விசுவாசம்

 

நாளைய தினத்தை எண்ணி மனம் கலங்க வேண்டாம் என்று இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். குறைவின்றி வாழ்பவர்க்கு இப்போதனை எளிது. அடுத்த வேளை உணவுக்கும், பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் வழி தேடுகின்ற நம்மவர்க்கு இஃது எங்ஙனம் பொருந்தும் என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அதற்குரிய விடையை ஒரு மனிதரின் வாழ்வில் நான் காண்கிறேன்.

அமெரிக்காவிலுள்ள மாண்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் 1 அன்று, ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையருக்குத் தம் இருக்கையை விட்டுத்தர மறுத்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். தலைமை ஏற்றவர் 26 வயதே நிரம்பிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்.

1956 ஜனவரி 27 இரவு, தொலைபேசியில் அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. வீட்டில் மனைவியும், மூன்று மாதமும் நிறையாத பெண்குழந்தையும் இருந்தனர். உறக்கம் இழந்த கிங் சமையலறையில் அமர்ந்து, தாம் அஞ்சுவதையும் தம் வலிமை தீர்ந்துபோனதையும் ஒளிக்காமல் இறைவனிடம் முறையிட்டார். நீதியின் பக்கம் நிற்குமாறும், இறைவன் என்றும் துணையிருப்பார் என்றும் தம் உள்ளத்தில் ஒரு குரல் ஒலித்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

ஆபத்து அதனால் அகன்றுவிட்டதா? இல்லை. ஜனவரி 30 அன்று அவருடைய இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் குழந்தையும் உயிர் தப்பினர். சினந்து திரண்ட மக்களைக் கிங் அமைதிப்படுத்தி அனுப்பினார். மாறியது சூழ்நிலையன்று, அவர் உள்ளமே.

விசுவாசம் என்பது கைகட்டி அமர்ந்திருப்பதும் அன்று. அம்மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தனர். ஒருவருக்கொருவர் வாகனம் தந்து உதவினர். 1956 நவம்பரில், பேருந்துகளில் இனப்பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இயேசு பெருமான் சுட்டிக்காட்டிய ஆகாயத்துப் பறவைகளும் விடியலில் இரைதேடப் புறப்படுகின்றன அல்லவா?

கிங் நமக்கு அயலாரல்லர். 1959-இல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர்கள் பயின்ற பள்ளியொன்றில், அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் எனத் தாம் அறிமுகம் செய்யப்பட்டதாக அவரே ஒரு பிரசங்கத்தில் கூறியுள்ளார். முதலில் திடுக்கிட்ட அவர், பின் எண்ணிப்பார்த்து, அஃது உண்மையே என ஏற்றுக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே! தேர்வு, வேலை, குடும்பக் கடன் என உங்கள் கவலைகள் பல. கலங்குவது விசுவாசக் குறைவு என்று எவரேனும் கூறின், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலமடைந்ததை நினைவுகூருங்கள். உங்கள் பாரத்தை இறைவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பின்னர் எழுந்து, இன்றைய பாடத்தை இன்றே படியுங்கள். நாளையை ஆள்பவர் உங்களோடு இருக்கிறார்.