எக்ஸ்ரே எப்போது எடுத்தார்கள்?

(சோளிங்கரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி ஒருத்தி படித்தாள். ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் அவள் அம்மா, காலையில் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார். நான்காம் வகுப்பில், உட்கார வைத்தாலே அழ ஆரம்பித்தாள். அம்மாவைப் பிரிய அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். சில நாள் அதட்டவும் செய்தேன். மாதங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது, அவளுடைய இடது இடுப்பு மூட்டு முழுவதும் விலகியிருந்தது. அவள் அழுதது வலியில். நான் செய்த தவறு உங்கள் வகுப்பில் நடக்கக் கூடாது.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் இருக்கும் பந்து போன்றது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கும் பிறக்கும்போது அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்ற குழந்தைகள் நின்று நடக்கும்போது கிண்ணம் ஆழமாகி, பந்து அதில் நன்றாகப் பதிகிறது. இந்தக் குழந்தைகளுக்கு நிற்பதும் நடப்பதும் தாமதம். இறுகிய தசைகளோ தொடைகளை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பந்து மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. நன்றாக நடக்கும் குழந்தைக்கு இது அரிது. தலையைக்கூட நிறுத்த முடியாத குழந்தைகளில் 90 சதவீதம் வரை பாதிக்கப்படுகிறார்கள். தொடக்கத்தில் வலி இருக்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. எக்ஸ்ரேயில் பந்தின் 30 சதவீதத்துக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே தெரிந்தால், மூட்டு விலகுகிறது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஸ்வீடனின் தென்பகுதியில் 1994 முதல் இந்தக் குழந்தைகளுக்குக் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து வந்தார்கள். மூட்டு முழுவதும் விலகுவது அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

சீக்கிரம் கண்டுபிடித்தால், இறுகிய தசைகளைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சை சிலருக்குப் போதும். தாமதமானால் தொடை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கும்; இடுப்புக் கிண்ணத்தையும் சீரமைக்க வேண்டி வரலாம். மூட்டு தேய்ந்த பிறகு வலியைக் குறைப்பது மட்டுமே மிஞ்சும்.

"ஆபரேஷன் செய்தால் நடப்பாளா சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். பொய்யான நம்பிக்கை தராதீர்கள். வலியில்லாமல் உட்காருவது, உடை மாற்றுவதும் கழுவிவிடுவதும் எளிதாவது, இரவில் தூங்குவது, இவைதான் பல குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையின் நோக்கம். உட்கார முடிந்த குழந்தைதான் பள்ளிக்கு வர முடியும்.

நாம் கவனிக்க வேண்டியவை: கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்வது, உட்காரும்போது ஒரு முழங்கால் பின்தங்கித் தெரிவது, ஒரு பக்கம் சாய்வது, தூக்கினால் அழுவது. ஆனால் அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். "இடுப்புக்கு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று பெற்றோரிடம் இன்றே கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் சொல்லுங்கள். வேலூர் நமக்குப் பக்கம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த சி.எம்.சி. அங்கேதான் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்பதை மருத்துவமனையிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்க நேரலாம். பெயரை நீக்கிவிடாதீர்கள். பாடத்தை வீட்டுக்கு அனுப்புங்கள்; வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்துவரச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமிக்குப் பெரிய அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் அவள் நடப்பதில்லை. ஆனால் வலியில்லாமல் உட்காருகிறாள். நம் ஊர் மலைக்கு ஆயிரத்து முந்நூறு படிகள். 2024-இல் ரோப் கார் வந்த பிறகு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே போய் வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். முன்பே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அவளுக்கு அத்தனை வலி இருந்திருக்காது.