பள்ளி விட்ட பின் வரும் பொழுது



குழந்தைகளுடைய தேக ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசப் புகும்போது, அவர்கள் என்ன உண்கிறார்கள், எத்தனை மணி நேரம் உறங்குகிறார்கள், எந்த விளையாட்டில் பயிற்சி பெறுகிறார்கள் என்றெல்லாம் அக்கறையோடு விசாரிக்கிற நாம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு இருட்டுகிறவரையில் அவர்கள் கூரைக்கு உள்ளே இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா என்கிற மிகச் சாதாரணமான கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, குழந்தையின் அன்றாட ஓட்டத்தையும் அதன் இதயத்தின் திறனையும் பற்றி எவ்வளவோ சொல்லிவிடுகிறது என்பதைக் கனடா தேசத்து ஆராய்ச்சி ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் எடுத்துக் காட்டியது.

கனடாவின் மேற்குப் பகுதியில் ஆல்பெர்ட்டா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரமாகிய எட்மன்டனில், டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில், மாலை நாலே கால் மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரையில் இறங்குகிற நாட்களும் அங்கே உண்டு. வெளியே போகாதிருப்பதற்கு இதைவிட நியாயமான காரணங்கள் எந்தத் தேசத்துக் குழந்தைக்கும் அமைந்துவிட முடியாது. அந்த மாகாணத்துச் சிறுவர் சிறுமியர் 306 பேரைத் தேர்ந்து, பள்ளி விட்ட பின் எவ்வளவு பொழுதை வெளியில் கழிக்கிறார்கள் என்று கேட்டறிந்ததோடு, அவர்கள் சரீரத்தின் ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொள்கிற ஆக்ஸலரோமீட்டர் என்னும் சிறு கருவியையும் அவர்களை அணிந்துகொள்ளச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதன் முடிவுகள் 2014-ஆம் ஆண்டில் வெளியாயின. மாலைப் பொழுதின் பெரும் பகுதியை வெளியில் கழித்த குழந்தைகள், சற்றும் வெளியே போகாத குழந்தைகளைவிட, நாளொன்றுக்குச் சுமார் 20 நிமிஷம் அதிகமாக, மூச்சு வாங்கும்படியாக உடம்பை இயக்கினார்கள். சுமார் 70 நிமிஷம் குறைவாக உட்கார்ந்திருந்தார்கள்.

20 நிமிஷம் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது உடம்பைச் சுறுசுறுப்பாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. 146 தேசங்களில் 2016 வரையில் எடுத்த கணக்கின்படி, 11 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆகவே அந்த 20 நிமிஷம் பலருக்கு, எட்டியவர்களுக்கும் எட்டாதவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியே ஆகிவிடுகிறது. ஆல்பெர்ட்டாவில், வெளியே இருந்த குழந்தைகள் அந்த 60 நிமிஷ எல்லையை அடைவதற்கான வாய்ப்பு, உள்ளேயே இருந்தவர்களுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

அந்தக் குழந்தைகளை ஓடவிட்டும் பார்த்தார்கள். மான்ட்ரீல் நகரத்து ஆராய்ச்சியாளராகிய லூக் லெஜே என்பவர் வகுத்த ஓட்டப் பரீட்சை ஒன்று உண்டு. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளை இட்டு, ஒலிக்கும் சமிக்ஞைக்குத் தக்கபடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் சமிக்ஞையின் வேகம் ஏறிக்கொண்டே போகும். இனி ஈடுகொடுக்க முடியாது என்று குழந்தை நின்றுவிடுகிற கட்டம் எதுவோ, அதைக் கொண்டு அதன் இருதயமும் சுவாசப்பைகளும் தசைகளும் எவ்வளவு பிராணவாயுவைக் கையாள வல்லவை என்று மதிப்பிடலாம். இந்தப் பரீட்சையிலும் வெளியே விளையாடிய குழந்தைகளே மேம்பட்டு நின்றார்கள். நாள்தோறும் பல தடவை வேகமாகத் துடிக்க நேர்கிற இருதயம், ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தை வெளியே தள்ளப் பழகிவிடுகிறது. உழைக்கிற தசைகளிலோ நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. எந்த ஆகாரத்தாலும் எந்த மருந்தாலும் இந்த மாறுதலை வாங்கிவிட முடியாது.

ஆனால் அதே ஆராய்ச்சியில், உடலின் பருமனிலும் இரத்த அழுத்தத்திலும் இரு சாராருக்கும் இடையே வித்தியாசம் காணப்படவில்லை. பெற்றோர் அனைவரும் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். குழந்தையை விளையாட அனுப்பிவிட்டு, மாதம் ஒருமுறை எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் அதை ஏற்றி நிறுத்தி, ஒன்றும் குறையவில்லையே என்று முகம் சுளிக்கிற தாய் தந்தையர், குழந்தை அடைந்திருக்கும் பெரிய லாபத்தை அளக்கச் சக்தியற்ற கருவியிடம் போய்த் தீர்ப்புக் கேட்கிறார்கள். மெலிந்த குழந்தைக்கு வலிமையற்ற இருதயம் இருக்கலாம். சற்றே பருத்த குழந்தை அந்தக் கோடுகளுக்கு இடையே நெடுநேரம் சளைக்காமல் ஓடலாம்.

வெளி என்பது குழந்தையை இப்படி இயக்குவானேன்? வெளியே வந்த குழந்தையிடம் யாரும் தேகாப்பியாசம் செய் என்று சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. அறைக்குள் இருப்பவை பாயும் நாற்காலியும் திரையும். அவை யாவும் உட்காருவதற்கும் படுப்பதற்கும் அழைக்கின்றன. வெளியே உட்காருவதற்கு இடமே குறைவு. நிற்கிற கால் நடக்கிறது. நடக்கிற கால், சிநேகிதன் ஒருவன் எதிர்ப்பட்டால், ஓடுகிறது. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை இடைவிடாமல் கவனித்துக் குறித்தபோது, அவர்களுடைய வேகமான இயக்கங்களில் மிகப் பெரும்பாலானவை 15 விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன என்று தெரிந்தது. பாய்ந்து ஓடுவது, நிற்பது, மூச்சு விடுவது, மறுபடியும் பாய்வது. இதுவே குழந்தையின் சுபாவம். பெரியவர்கள் தங்களுக்கு ஏற்படுத்திக்கொண்டிருக்கிற அரைமணி நேரத் தொடர் ஓட்டம் போன்ற நியமங்களைக் குழந்தையின் தலையில் சுமத்துவது, என் அபிப்பிராயத்தில், பலன் குறைந்த காரியம். விசாலமான இடமும் இரண்டு தோழர்களும் கிடைத்துவிட்டால், தனக்கு வேண்டிய அளவைத் தானே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதனிடம் இயற்கையாகவே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வலிமையுள்ள குழந்தைகள்தாமே வெளியே போக விரும்புவார்கள். வெளியே போனதால்தான் வலிமை வந்தது என்று எப்படிச் சொல்லலாம்? ஒரு சமயத்தில் இரண்டையும் அளந்து பார்த்த ஆல்பெர்ட்டா ஆராய்ச்சி இதற்கு முடிவான பதில் அளிக்காது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றே நான் கருதுகிறேன். எனினும், வலிமையுள்ளவர் அற்றவர் என்று பாராமல் எல்லாக் குழந்தைகளையும் வெளியே அழைத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சாட்சியம் கிடைக்கிறது.

ஸ்டர்லிங் நகரத்தில் செயின்ட் நினியன்ஸ் என்ற ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்த எலேன் வைலி அம்மையார், தம் மாணவர்களின் உடல்திறன் குன்றியிருப்பதைக் கண்டு கவலையுற்று, 2012-ஆம் ஆண்டில், தினந்தோறும் 15 நிமிஷம் அனைவரையும் வகுப்பறைக்கு வெளியே ஓடவோ நடக்கவோ செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார். தனி உடையில்லை, உபகரணம் இல்லை, போட்டியும் இல்லை, அணிந்து வந்த உடுப்போடும் காலணியோடும், அவரவர் சக்திக்கு ஏற்றபடி, தோழர்களோடு பேசிக்கொண்டே ஓடலாம். இந்த வழக்கத்தைக் கைக்கொண்ட ஒரு பள்ளியையும் கைக்கொள்ளாத மற்றொரு பள்ளியையும் ஒப்பிட்டு, 391 குழந்தைகளைப் பரிசோதித்த முடிவு 2018-இல் வெளியாயிற்று. கைக்கொண்ட பள்ளியின் குழந்தைகளுக்குச் சுறுசுறுப்பான இயக்கம் நாளொன்றுக்கு 9 நிமிஷம் மிகுந்திருந்தது. உட்கார்ந்திருக்கும் பொழுது 18 நிமிஷம் குறைந்திருந்தது. நான் முன் சொன்ன அதே 20 மீட்டர் ஓட்டத்தில் அவர்கள் ஏறக்குறைய 39 மீட்டர் அதிக தூரம் ஓடினார்கள்.

பள்ளி நேரத்துக்குப் பள்ளி பொறுப்பேற்கலாம்; பள்ளி விட்ட பின் வரும் பொழுதுக்கு யார் பொறுப்பு? குழந்தைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்றும், திரைக்கு அடிமையாகிவிட்டார்கள் என்றும் குறை கூறுவது சுலபம். ஆனால் திரை கைக்குள் வந்து சேருவதற்கு வெகு காலம் முன்பே தெருவின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் எடுத்த கணக்கின்படி, 1971-ஆம் ஆண்டில் 7, 8 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றார்கள். 1990-இல் அந்தத் தொகை 9-ஆகச் சுருங்கியிருந்தது. அனுப்பாததற்குப் பெற்றோர் சொன்ன முதற் காரணம் மோட்டார் வண்டிகளைப் பற்றிய பயம். அந்த ஆண்டுகளில் சாலை விபத்தில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது உண்மையே. சாலைகள் அபாயமற்றவை ஆனதால் அல்ல, குழந்தைகளைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டதால்தான் குறைந்தது என்று ஹில்மன் வாதித்தார். அந்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது. வண்டிக்காரனை நிதானமாகப் போகச் சொல்லுவதற்குப் பதிலாகக் குழந்தையை உள்ளே போகச் சொன்னோம். பிறகு அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று அதன்மேலேயே குற்றம் சாட்டுகிறோம்.

இந்தக் கேட்டுக்கு மாற்றுத் தேடியவர்களில், அதே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துத் தாய்மார் சிலரை நான் மிகவும் மதிக்கிறேன். 2009-ஆம் ஆண்டில் அவர்கள், பள்ளி விட்ட பின் சில மணி நேரத்துக்குத் தங்கள் தெருவில் வண்டிகளைத் தடுத்துக் குழந்தைகளை விளையாடவிட்டார்கள்; பிற்பாடு நகரசபையும் இதற்கு முறைப்படி அனுமதி வழங்க முன்வரவே, வேறு பல தெருக்களுக்கும் இந்த வழக்கம் பரவிற்று. தெருவின் இரு முனைகளிலும் அத்தெருவாசிகளே காவல் நிற்கிறார்கள். அங்கே குடியிருப்பவருடைய வண்டி மட்டும், காவல் நிற்பவர் முன்னே நடந்துபோக, நடை வேகத்தில் உள்ளே வரலாம். விளையாட்டு ஆசிரியர் எவரும் அங்கே இல்லை. எந்த விளையாட்டு, எத்தனை பேர், யார் முதல் என்பதையெல்லாம் குழந்தைகளே தீர்மானித்துக்கொள்கிறார்கள்.