கடல் நத்தை கற்பிக்கும் ஞாபகப் பாடம்

(மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாபகசக்தி குறைகிறதே என்ற கவலை நம் வயதில் எல்லோருக்கும் உண்டு. அந்த ஞாபகம் எப்படித்தான் பதிகிறது? இதற்கு நல்ல விடை தந்த ஜீவன்களில் ஒன்று, ஓடில்லாத கடல் நத்தை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அப்ளிஷியா என்ற கடல் நத்தைக்கோ சுமார் 20,000தான். அதை ஆராய்ந்த எரிக் கேண்டல், 2000இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

நான் சொல்ல வந்தது இன்னொரு வகை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வாழும் ஹெர்மிசென்டா. வெளிச்சத்தைக் கண்டால் அதை நோக்கி ஊர்ந்து போகும். அலை குலுக்கினால் பாதத்தைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கண்ணில் ஐந்தே ஐந்து ஒளி செல்கள். ஆட்டத்தை உணர, நம் உட்காதில் இருப்பதைப் போன்ற சமநிலை உறுப்பும் உண்டு.

டேனியல் ஆல்கன் குழுவினர் 1970களிலும் 80களிலும் இவற்றைக் குழாய்களில் இட்டு, சுழலும் தட்டில் வைத்து, வெளிச்சத்தையும் சுழற்சியையும் சேர்த்துப் பலமுறை கொடுத்தார்கள். பிறகு வெளிச்சம் மட்டும் காட்டினாலும் நத்தை தயங்கியது, பாதத்தைச் சுருக்கியது. இந்த ஞாபகம் பல நாட்கள் நீடித்தது. இரண்டையும் தொடர்பில்லாமல் வெவ்வேறு நேரங்களில் கொடுத்தபோது பாடம் ஏறவில்லை!

காரணம் என்ன? சமநிலை உறுப்பின் செய்தி, கண்ணின் 'பி' வகை செல்களை வந்தடைகிறது. அதே சமயம் வெளிச்சமும் பட்டால், அந்த செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. பொட்டாசியம் வெளியேறும் வழிகள் குறுகுகின்றன. அதன்பின் அந்த செல் சிறு வெளிச்சத்துக்கும் அதிகமாகத் துடிக்கிறது. நத்தையை ஒளியை நோக்கிச் செலுத்தும் 'ஏ' வகை செல்களை அடக்குகிறது. அதாவது, இரண்டு புலன்கள் சந்திக்கும் இடத்திலேயே ஞாபகத்தின் ஒரு பகுதி பதிகிறது. கண் வெறும் ஜன்னல் அல்ல, அதுவும் கற்றுக்கொள்கிறது.

நத்தைக்குச் சொன்னது அப்படியே நமக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புலன்களுக்கும் நினைவுக்கும் உள்ள உறவு மனிதர் விஷயத்திலும் முக்கியமானதுதான். மறதி நோய் பற்றிய லான்செட் நிபுணர் குழுவின் 2024 அறிக்கை, நாம் குறைத்துக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களைச் சொல்கிறது. காது கேளாமையும், சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் அதில் உண்டு.

ஆகவே, விளம்பரத்தில் வரும் ஞாபக மாத்திரையைத் தேடுமுன் காதையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காது மெஷின் வைத்துக்கொள்ள வெட்கம் வேண்டாம். கண்புரை ஆபரேஷனை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம்.