தேரடியிலிருந்து திரைச்சீலை வரை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் பழமையைக் கல்லில் தேடுவோருக்குக் கிடைப்பது சொற்பம். யாழ்ப்பாண அரசர் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தழித்தனர். இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734இல் வேறோரிடத்தில் எழுந்தது. இடம் மாறியும் வழிபாடு அறவில்லை. அப்படியானால் தலம் என்பது கட்டடமா, மண்ணா, வந்துபோகும் மனிதரின் தொடர்ச்சியா? நல்லூர் தன் வரலாற்றாலேயே எழுப்பும் மெய்யியற் கேள்வி இது.

அந்தக் கேள்வியை வாழ்ந்தே பார்த்தவர் கொழும்புத்துறை யோகர் சுவாமிகள். 1872இல் பிறந்த அவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திட்டமொன்றின் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். தம் குரு செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின் அந்த உத்தியோகத்தை விட்டார். குருவைக் கண்டது கருவறையில் அன்று, நல்லூர்க் கோயிலுக்கு வெளியே தேரடியில். ஊரார் விசரர் என்று ஒதுக்கிய செல்லப்பர், வருவோரை ஏசியபடி அங்கே இருந்தார். அந்த ஏச்சைத் தாங்கி நின்றவருக்கே உபதேசம் கிடைத்தது.

யோகர் முருகன் தலமான கதிர்காமத்துக்குக் கால்நடையாகவும் போனார். வடக்கிலிருந்து புறப்படும் பாதயாத்திரை கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகனைத் தொழுது, குமண, யால காடுகளை ஊடறுத்து கதிர்காமத்து மாணிக்க கங்கையை அடையும். தண்ணீருக்கும் நிழலுக்கும் ஏங்கியபடி இத்தனை தூரம் நடந்தவருக்குச் சந்நிதியில் காண மூர்த்தம் இல்லை. தேவியரோடு முருகன் தீட்டப்பட்ட திரைச்சீலை தொங்கும். அடியவருக்காக அது விலகாது. கப்புறாளைமார் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டி உள்ளே பூசை செய்வர். திருவிழாவில் யானைமேல் உலா வரும் பேழையும் மூடியபடியே வரும். தமிழர், சிங்களவர், வேடர், முஸ்லிம்கள் எல்லாரும் வரும் தலம் அது. பார்த்து அறிந்துவிட முடியும் என்ற நம்பிக்கையை இவ்வளவு நேராகச் சோதிக்கும் தலம் இலங்கையில் வேறு இல்லை எனலாம். கற்றவருக்கே அந்தச் சோதனை கடினமானது.

பின்னர் யோகர் கொழும்புத்துறைச் சந்தியில் இலுப்பை மரத்தடியில் பல ஆண்டுகள் இருந்தார். அருகில் அமைந்த குடிலே ஆச்சிரமமாயிற்று. 1964இல் மறையும்வரை அவரைத் தேடிக் கமக்காரரும் வந்தனர், உத்தியோகத்தரும் வந்தனர். மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் வந்து, சந்தசுவாமி என்ற பெயரில் சீடரானார். குருவைப் போலவே யோகரும் சிலரை ஏசித் திருப்பியனுப்பினார். சிலரைத் தேவாரம் பாடச் சொல்லிக் கேட்டிருந்தார்.