கியர்ப் பெட்டியும் மாமாவின் காலும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



‘நான் கண்ட கலைஞர்’ என்னும் இந்த வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் நாதஸ்வர வித்துவான்களையும் கூத்து அண்ணாவிமாரையும் பற்றிப் பேசினார்கள். நான் இன்று ஒரு மோட்டார் மெக்கானிக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். தயாரிப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார். இலக்கியம் கேட்க வருகிறவர்களுக்கு எஞ்சின் ஒயில் மணக்குமோ என்பது அவர் கவலை. கொஞ்சம் மணக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமன் ஒருவர் வெள்ளவத்தையில் இருந்தார். நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எம்.ஜி.பி. என்ற வகையைச் சேர்ந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட வண்டி இது. மாமாவினுடையது 1965ஆம் ஆண்டில் செய்தது. கடும் பச்சை நிறம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் 1971இல் வாங்கினாராம். மாமி அதை மாமாவின் ‘மூத்த தாரம்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாரத்துக்குக் குளிப்பாட்டு நடக்கும். அதன் பிறகுதான் வீட்டில் தேநீர்.

1998ஆம் ஆண்டு மாசி மாதம் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பெரிதாக இல்லை. பேச்சு கெடவில்லை. இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. மூன்று மாதத்தில் கைத்தடியை எறிந்துவிட்டு நடந்தார். காரையும் எடுத்தார். அப்போதுதான் எல்லோர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. கியர் போடும்போது ‘கறகற’ என்று ஓர் அரைப்பு. ஆட்டுக்கல்லில் கல் விழுந்ததுபோல. முதற் கியருக்குப் போனாலும் அரைக்கும், பின்னுக்கு எடுத்தாலும் அரைக்கும்.

கிளச்சை மிதிப்பது இடது கால். மாமாவுக்கு விழுந்ததும் இடது கால். இனி என்ன விசாரணை வேண்டும்? காலில் பெலன் இல்லை, பெடலை முழுக்க அமத்துகிறார் இல்லை, அதனால் பற்சில்லுகள் ஒன்றையொன்று தின்கின்றன என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. லண்டனில் இருந்த மகன் தொலைபேசியில், “அப்பா, காரை வித்துப்போட்டு ஆட்டோவிலை போங்கோ” என்றான். கொழும்பில் பெயர் சொல்லத்தக்க ஒரு கராஜுக்கும் கொண்டுபோனோம். அங்கே ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கியர்ப் பெட்டி போய்விட்டது, எஞ்சினோடு சேர்த்து இறக்க வேண்டும் என்றார். சொன்ன தொகையைக் கேட்டதும் மாமி கதிரையில் இருந்துவிட்டார். போதாக்குறைக்கு, சத்தம் அடங்கட்டும் என்று கியர்ப் பெட்டிக்குள் தடித்த கியர் ஒயில் ஊற்றி அனுப்பினார்கள். பிறகு கியர் இன்னும் இறுகிற்று.

மாமாவிடம் போய், “இனிக் காரை விடுங்கோ மாமா, உங்கடை கால் ஏலாது” என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் இடது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ வீட்டுக்கு அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல. நான் சொன்னதில் ஒரு சொல்லையும் அன்று நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை என்பதை இந்த ஒலிவாங்கியின் முன் ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் கலைஞர். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே பெயர்ந்தபோது பெயர்ந்து, தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, கடைசியில் வெள்ளவத்தையில் மகள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்தவர். கராஜும் இல்லை, ஆயுதப் பெட்டியும் இல்லை. ஒரு திருகாணிச் சாவியும் இரண்டு ஸ்பனரும் காற்சட்டைப் பையில். விற்க முன்பு ஒரு விலை மதித்துச் சொல்லட்டும் என்றுதான் அவரை அழைத்துப் போனேன். திருத்துவதற்கல்ல.

அவர் காருக்குக் கிட்டப் போகவே இல்லை. மாமாவுக்கு முன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்.

“ஐயா, இது எப்ப தொடங்கினது?”

“இப்ப கொஞ்ச நாள்.”

“ஒரேயடியாயோ, மெல்ல மெல்லவோ?”

“மெல்ல மெல்ல.”

“கால் விழுகிறதுக்கு முந்தியோ, பிந்தியோ?”

மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். மாமி குசினி வாசலில் நின்று பார்த்தார். பிறகு மாமா, “முந்தி. அதுக்கு முதல் தீபாவளிக்கே தொடங்கீட்டுது” என்றார்.

எங்களுக்கெல்லாம் அது புதிய செய்தி. ஏன் சொல்லவில்லை என்று மாமி கேட்டார். “வயசு போட்டுதெண்டு சொல்லுவியள் எண்டு பேசாமல் இருந்தனான்” என்றார் மாமா. நேயர்களே, அந்த ஒரு கேள்வியை ஆறு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. மகன் கேட்கவில்லை, மருமகன் நான் கேட்கவில்லை, பெரிய கராஜ் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி, எந்தக் கியர் என்பது. எல்லாக் கியரும் என்றார் மாமா. நிற்கிற இடத்தில் முதலாவதும் பின் கியரும் மோசம், ஓடும்போது மற்றவை கொஞ்சம் தேவலை. மெக்கானிக் தலையை ஆட்டினார். “ஒரு பிள்ளை அழுதால் பிள்ளையைப் பாக்க வேணும். வீட்டிலை இருக்கிற எல்லாப் பிள்ளையளும் அழுதால் அடுப்பைப் பாக்க வேணும்” என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓடுகிற எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் நிற்பது கிளச். பெடலை மிதித்தால் எஞ்சினின் சுழற்சி பெட்டிக்குள் போகாமல் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்பட்டால் உள்ளே பற்சில்லு அடங்கும். அடங்கிய சில்லோடு மற்றதைச் சேர்க்கலாம். வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சில்லுகளை நட்பாக்குவதற்கு ‘சின்க்ரோமெஷ்’ என்ற ஏற்பாடு உண்டு. பித்தளை போன்ற உலோகத்தில் செய்த ஒரு வளையம், கல்யாணத் தரகரைப்போல, இரு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாமாவின் 1965ஆம் ஆண்டு வண்டியில் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்குத்தான் அந்தத் தரகர் உண்டு. முதலாவதற்கும் பின் கியருக்கும் கிடையாது. 1967இன் பிற்பகுதியில் வந்த மாதிரியில்தான் முதற் கியருக்கும் கொடுத்தார்கள்.

ஆகவே இரண்டாம் கியர் மட்டும் அரைத்தால், அந்த ஒரு வளையம் தேய்ந்தது என்று பெட்டியைச் சந்தேகிக்கலாம். எல்லாம் அரைத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான கிளச் முழுதாக விடவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். தரகர் இல்லாத முதலாவதும் பின் கியரும் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள்.

பிறகு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்த் தடியை அசைக்கச் சொன்னார். நாலும் பின் கியரும் வெண்ணெயில் கத்தி போனமாதிரிப் போயின. உள்ளே தடி, கவடு எல்லாம் சுகம். அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அமத்தி, நாலைந்து எண்ணும் வரை பொறுத்து, பின் கியரைப் போட வேண்டும். கிளச் உண்மையாக விட்டிருந்தால் அந்த நேரத்துக்குள் உள்ளே சில்லு அடங்கியிருக்கும், சத்தம் வராது.

மாமா ஆசனத்தில் ஏறப் போனார். மெக்கானிக் மறித்தார். “ஐயா இருங்கோ. தம்பி, நீர் ஏறும்.”

நான் ஏறினேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு காலும் பந்தடித்த கால். பெடலை மிதித்து நிலத்தோடு ஒட்டினேன். ஐந்து எண்ணினேன். பின் கியர்.

கறகறவென்று தெருவே திரும்பிப் பார்த்தது.

“தம்பி, அது உம்முடைய கால்தானே?” என்றார் மெக்கானிக்.

மாமா சிரிக்கவில்லை. முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று அந்த இரண்டு ஆசனக் காருக்குள் நான் சிறுத்துப்போய் இருந்ததைப்போல் வேறெங்கும் இருந்ததில்லை.

வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரத்தை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் தமிழ்ப் பேச்சாகாது என்பார்கள். உங்களுக்கு அது மனப்பாடம் என்பதால் மெக்கானிக்கிடமே திரும்பிப் போகிறேன்.

கிளச் விடவில்லை என்பது தெரிந்தது. ஏன் விடவில்லை? காரணம் இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று உள்ளே: தட்டு ஒட்டியிருக்கலாம், கிராங்க் தண்டின் நுனியில் உள்ள சின்ன புஷ் இறுகியிருக்கலாம், தட்டைத் தள்ளும் கரி வளையம் தேய்ந்திருக்கலாம். இந்த வண்டியில் அவற்றைத் தொட எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மற்றது வெளியே: பெடலை மிதிக்கும்போது மேலே ஒரு சிலிண்டருக்குள் தண்டு தள்ளும், பிறேக் ஒயில் குழாய் வழியே கீழே போய், கியர்ப் பெட்டிப் பக்கத்தில் உள்ள இன்னொரு சிலிண்டரைத் தள்ளும், அது ஒரு கவட்டைத் தள்ளும். கால் சொன்ன செய்தி இத்தனை கைமாறித்தான் கிளச்சுக்குப் போகிறது.

அவர் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வெண்கட்டி வாங்கிக்கொண்டு காருக்கடியில் ஊர்ந்தார். கீழ்ச் சிலிண்டரின் தண்டில் ஒரு கோடு போட்டார். என்னை மிதிக்கச் சொன்னார். ஏறத்தாழ அரை அங்குலம் நகர வேண்டிய தண்டு கால் அங்குலமும் நகரவில்லை. “தண்டு முழுக்க வந்தும் அரைச்சிருந்தால் உள்ளுக்கை வருத்தம். இப்ப தண்டே வரேல்லை. வெளியிலைதான்” என்றார் கீழிருந்து. அந்த ஒரு வெண்கட்டிக் கோட்டினால் எஞ்சின் இறக்குகிற செலவு முழுவதும் போயிற்று.

ஒயில் மட்டம் பார்த்தார், சரி. கசிவு இல்லை. பெடலைப் பலமுறை அடித்து மிதிக்கச் சொன்னார். காற்றுப் புகுந்திருந்தால் அப்போது தண்டு கூட நகரும், நகரவில்லை. றப்பர்க் குழாயைப் பிடித்துப் பார்த்தார், மிதிக்கும்போது ஊதவில்லை. பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, பெடல்களின் மேற்பக்கத்தை மூடியிருக்கும் தகரப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். “ஐயா, இப்ப நீங்கள் மிதியுங்கோ” என்றார். மாமாவைத்தான் சொன்னார்.

மாமா மிதித்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். பெடல் அசைந்தது. தண்டு அசையவில்லை. பெடல் இன்னும் அசைந்தது. அதன் பிறகுதான் தண்டு மெல்லப் புறப்பட்டது. பெடலையும் தண்டையும் கோத்திருக்கும் சின்ன விரல் அளவுக் குறுக்காணி முப்பத்து மூன்று வருடம் உழைத்துத் தேய்ந்து, நடுவில் இடுப்பு விழுந்திருந்தது. ஆணி புகுந்த வட்டத் துளை முட்டை வடிவாகியிருந்தது. அங்கே தொலைந்த தூரம் கிளச்சுக்குப் போய்ச் சேரவில்லை. இதில் வண்டி செய்தவனையும் குறை சொல்ல முடியாது. எந்த ஆணியும் அவ்வளவு காலம் உழைத்தால் தேயும்.

துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளைத்து, தெஹிவளைப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் ஆணி ஒன்று கடைந்து கொண்டுவந்து போட்டார். கியர்ப் பெட்டியில் ஊற்றியிருந்த தடித்த ஒயிலை இறக்கிவிட்டு, இந்த வண்டியின் கைநூல் சொல்கிறபடி சாதாரண எஞ்சின் ஒயில் விட்டார். ஒயில் செலவுதான் பெரிய செலவு. வெண்கட்டிக் கோடு இப்போது அரை அங்குலம் நகர்ந்தது.

இதெல்லாம் எங்கே படித்தீர்கள் அண்ணை என்று கேட்டேன். இந்த வண்டியின் எஞ்சின் அவருக்குப் பழைய உறவு. மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிஜ் போன்ற குடும்பக் கார்களில் இருந்த எஞ்சினின் பெரிய தம்பிதான் இது. ஆனால் அவர் சொன்ன மறுமொழி வேறு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு உதிரிப்பாகம் வரவில்லை, பெற்றோலும் இல்லை; கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. “கொழும்பிலை எண்டால் ஒண்டைக் கழட்டி மற்றதைப் போட்டுப் பாப்பினம். சரிவராட்டில் அடுத்ததைக் கழட்டுவினம். எங்களுக்குக் கழட்டினால் போட ஒண்டுமில்லை, தம்பி. கழட்ட முந்திக் கதைக்கத்தான் வேணும்” என்றார். கூலி என்று நீட்டியதில் பாதியைத் திருப்பித் தந்தார். தேய்ந்த ஆணியை மாமா கேட்டு வாங்கித் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆசனம்தான். மெக்கானிக்கை ஏறச் சொன்னார் மாமா. அவர், “தம்பி ஏறட்டும்” என்று சொல்லிவிட்டு மாமி கொடுத்த தேநீரோடு படியில் இருந்துவிட்டார். காலி வீதியில் கல்கிசைப் பக்கம் போனோம். இரண்டு, மூன்று, நாலு. ஒரு சத்தமும் இல்லை. மாமாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு தொண்டையில் நின்றது.

திரும்பி வந்து எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பும்போது, வண்டி முற்றாக நிற்கமுன் மாமா முதற் கியரைப் போட்டார். ‘கறக்’ என்றது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது.

“இது என்ரை பிழை” என்றார்.