மின் நிற்கட்டும், பின் வேலை நடக்கட்டும்!

(சீனன்குடாவில் ஆற்றிய உரையின் பகுதி)



மாவாலையும் சீமெந்தாலையும் கண்ட இச் சீனன்குடாவிலே கட்டிடங்கள் உயர்வது கண்டு மகிழ்கிறோம். ஆனால், அருகே ஓடும் மின்கம்பிகளை மறக்கலாமா? 33,000 வோல்ற்று அழுத்தமுடைய அக்கம்பிகள் பெரும்பாலும் உறையற்றவை. அதிற் குந்தும் காகம் பிழைக்கிறதே என்பீர்கள். காகம் மண்ணைத் தொடுவதில்லை. இரும்புக்கோல் ஏந்திய மேசனோ மண்ணில் நிற்கிறான். தொடவும் வேண்டாம், நெருங்கினாலே மின் பாயும். நீர்க்குழாய் நிமிர்த்தும் கமக்காரருக்கும் இதுவே ஆபத்து.

1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இறந்தவன் குடும்பத்துக்குப் பணம் பெற வழி வைத்தது. போன உயிரை அது மீட்குமா? நாம் கேட்பது நட்டஈடு மட்டுமன்று, முன்காப்பு!

வேலை தொடங்குமுன் மின்பகுதியாருக்கு எழுத்தில் அறிவித்து, மின்னை நிறுத்துவிக்க வேண்டும். அன்றேல் கம்பியை அகற்றுவிக்க வேண்டும். நிறுத்தியது உறுதியாகும்வரை ஏணியும் எழலாகாது. இக்கடமை வேலை கொடுப்போருடையது. அன்றாடக் கூலியாளின் தலையிற் சுமத்துவது நீதியன்று.