பழந்துவக்குகளின் மெய்யும் பொய்யும்

களனியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு வடகரையில், வத்தளையை ஒட்டிக் கிடக்கும் ஊர் ஹெந்தளை. 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அங்கே நிறுவிய தொழுநோய் மருத்துவமனையைக் கொண்டே அவ்வூரைப் பலரும் அறிவர். ஆயினும் அதனை அடுத்துச் செல்லும் நீர்கொழும்புப் பாதைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1796 பெப்ருவரியில் நீர்கொழும்பிலே கரையிறங்கிய கேணல் ஸ்டூவர்ட்டின் படை அப்பக்கமாகவே தெற்கு நோக்கி வந்து, களனியைக் கடந்து, கொழும்பை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது. அப்படையிலே ஆங்கிலக் காலாட்களோடு சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். எதிர்ப்பக்கத்தில் ஒல்லாந்தருக்காக மலாய் வீரர் நின்று பொருதனர். இத்தனை பேருடைய தோள்களிலும் தொங்கிய துவக்குகள் பின்னர் எங்கே போயின?

எல்லாம் ஆயுதசாலைக்குத் திரும்பியிருக்கும் என எண்ணுவதற்கில்லை. படைத்துவக்கு ஒன்று பழையதாகிக் கழிக்கப்பட்டால், அது வேட்டைக்காரன் கைக்கும் வீட்டுக் காவலுக்கும் போய்ச் சேருவது எங்கும் உள்ள வழக்கம். ஊர்க் கொல்லன் அதன் குழலைக் குறைப்பான். முறிந்த கட்டைக்கு வேறு மரம் பொருத்துவான். மூன்று தலைமுறை கழிந்தபின் ஏதாவதொரு பழைய வீட்டின் உத்தரத்திலிருந்து அது இறக்கப்படும்போது, பார்ப்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, “இது என்ன விலை பெறும்?” என்பதே. கேட்க வேண்டிய முதற் கேள்வியோ வேறு: “இதனுள்ளே இன்னும் மருந்து இருக்கிறதா?”

இது வேடிக்கைப் பேச்சன்று. வாய்வழியாக மருந்து திணிக்கும் துவக்கில், எவரோ இட்டு வைத்த கருமருந்து நூறாண்டு கழிந்தும் வீரியம் குன்றாதிருக்கக்கூடும். மெல்லிய மரக் கோலொன்றைக் குழலின் வாயில் அடிவரை செலுத்தி, வாயளவில் அடையாளமிட்டு எடுக்க வேண்டும். பின்பு அதனைக் குழலின் வெளிப்புறத்தே வைத்துப் பார்த்தால், கோலின் நுனி மருந்துத் துவாரத்தின் அருகே எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால், உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பொருள். அந்நிலையில் அதனைத் தாமே தோண்டி எடுக்க முயலாது, தக்கவரை அழைப்பதே அறிவுடைமை.

அதன் பின்னரே அடையாளம் காணும் வேலை தொடங்கும். துவக்கின் பக்கத்திலே சுடுபொறி பொருந்திய இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதுவே அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம். ஒல்லாந்தக் கும்பனியின் துவக்கானால், வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அவற்றின் மேலே தனித்து நிற்கும் எழுத்து, கும்பனியின் எந்த நகரக் கிளை அதனை வாங்கியது என்பதைக் காட்டும். ‘ஏ’ என்றால் ஆம்ஸ்டர்டாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனி முற்காலத்தில் தன் எழுத்துகளை இதய வடிவினுள்ளே பொறித்தது; 1808 முதல் அந்த இடத்தைப் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் பெற்றது. அரச படைக்குச் செய்தவற்றில் முடியும், மன்னன் பெயரின் முதலெழுத்தும், ‘டவர்’ என்ற சொல்லும் காணப்படும். 1764க்கு முன் ஆங்கிலப் படைத்துவக்கின் தகட்டில் செய்தவன் பெயரும் ஆண்டும் வெட்டுவர். அதன் பின் அவ்வழக்கம் நின்றது. ஆதலின், ‘டவர்’ என்னும் ஒரு சொல்லைக் கண்ட மாத்திரத்தில் இலண்டன் கோபுரத்திலே பிறந்த அரிய பொருள் என்று மகிழ்ந்துவிடலாகாது. அச்சொல்லைத் தாங்கிய துவக்குகள் இலட்சக்கணக்கில் உலகெங்கும் பரவின. அச்சொல்லைக் களவாகப் பொறித்தவையும் பல.

சேகரிப்போர் மிக விரும்பித் தேடுவது குதிரைப்படையாளின் குறுந்துவக்கு. ‘கார்பைன்’ என்பது அதன் பெயர். குதிரைமேல் இருப்பவனுக்கு நீண்ட துவக்கு இடைஞ்சல். கும்பனியின் காலாட்துவக்கினது குழல் 39 அங்குலமாயிருக்க, 1808ஆம் ஆண்டளவில் வந்த பாஜெட் கார்பைனின் குழல் 16 அங்குலமே. மருந்து திணிக்கும் கம்பி குதிரையோட்டத்திலே கைதவறி விழாதபடி, அது குழலின் வாயருகே கீலொன்றால் பிணைக்கப்பட்டிருந்தது. வீரனின் தோள்வாரில் மாட்டுவதற்கு இடப்பக்கத்தே இரும்புச் சட்டமும் வளையமும் அமைந்தன.

இங்கேதான் மோசடிக்கு இடமுண்டாகிறது. கார்பைன்கள் குறைவாகவே செய்யப்பட்டமையால் அவற்றுக்கு விலை அதிகம். ஆகவே காலாட்துவக்கை அறுத்துக் குறைத்துக் கார்பைன் என விற்பவர் உண்டு. அவர்களை இலகுவிற் பிடிக்கலாம். அறுப்பவனால் நீளத்தைக் குறைக்க முடியும். துளையைக் குறைக்க முடியாது. காலாட்துவக்கின் துளை ஓர் அங்குலத்தில் நூறிலே 75 பங்கு. கார்பைனின் துளையோ 66 பங்கு அளவே. மேலும், குழல் அடியிலிருந்து நுனிவரை படிப்படியாக மெலிந்து செல்வது. இடையிலே அறுக்கப்பட்டதாயின் அதன் வாய்விளிம்பு அளவுக்கு மீறித் தடித்திருக்கும். ஊர்க் கொல்லன் தேவைக்காகக் குறைத்த துவக்கும் இவ்வாறே இருக்கும். அவன் எவரையும் ஏமாற்றவில்லை. அதனைக் கார்பைன் என்று சொல்லி விற்பவனே ஏமாற்றுக்காரன்.

இன்னொரு தந்திரம் இதனிலும் நுட்பமானது. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிய துவக்குகள், 1840ஆம் ஆண்டையொட்டி, தொப்பி வெடிக்கு மாற்றப்பட்டன. இம்மாற்றம் படையதிகாரிகளே செய்வித்தது; எனவே அதுவும் வரலாறே. ஆனால் சந்தையிலே கல் துவக்குக்கு மதிப்புக் கூடுதல் என்பதனால், மாற்றப்பட்டதை மீண்டும் கல் துவக்காக்கி விற்பர். தகட்டிலே அடைக்கப்பட்ட பழைய திருகாணித் துளைகளும், குழலின் பக்கத்தே இரும்பின் நிறம் மாறிய இடமும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

உறுப்புகள் யாவும் ஒன்றுக்கொன்று உரியனவா என்பதே மதிப்பீட்டின் உயிர்நிலை. அக்காலத் துவக்கின் பாகங்கள் இயந்திர அச்சில் வார்த்தவையல்ல. ஒவ்வொன்றும் அரத்தால் இழைத்துத் தன் துணைக்கு மாத்திரம் பொருந்துமாறு செய்யப்பட்டது. அவை கலந்துவிடாதிருக்கத் தொழிலாளி திருகாணிகளிலும் வில்களிலும் சிறு வெட்டுக்கோடுகள் இடுவதுண்டு. இரண்டு கோடு தாங்கிய தகட்டிலே மூன்று கோட்டுத் திருகாணி இருந்தால், அது வேறொரு துவக்கின் பிள்ளை. கம்பி ஒன்று, கல்லிடுக்கி ஒன்று மாறியிருப்பது பெருங்குற்றமன்று. தகடோ குழலோ மாறியிருப்பின் மதிப்பு பெரிதும் இறங்கும்.

வடமேற்கு எல்லைப்புறத்துக் கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளிலே செய்த போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குள்ள கொல்லர் மார்ட்டினி ஹென்றி கார்பைனைப் பார்த்து அப்படியே செய்யும் கைத்திறன் படைத்தவர், ஆங்கிலம் படித்தவரல்லர். ‘என்’ என்னும் எழுத்து இடவலம் மாறி நிற்கும். விக்ரோறியா மகாராணியின் முத்திரைக்குக் கீழே, அவர் 1901இல் மறைந்ததற்குப் பிந்திய ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்!

இலங்கைக்கே உரிய துவக்கொன்றும் உண்டு. சிங்களக் கம்மாளர் செய்த அதன் கட்டையின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பர். சுடுபொறி பெரும்பாலும் வலப்பக்கத்தில் இராது, இடப்பக்கத்திலேயே இருக்கும். இதனை அறியாதவர் யாரோ பிழையாகப் பொருத்திவிட்டார் எனக் கருதக்கூடும். அந்த இடப்பக்கப் பொறியே அதன் மெய்ம்மைக்குச் சான்று.

ஆயுதத்தின் அடையாளம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு லெவ்கே திசாவையின் பீரங்கியே சாட்சி. 1745ஆம் ஆண்டளவில் அவர் கண்டியரசனுக்கு அளித்த அச்சிறு வெண்கலப் பீரங்கியில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்து, சிங்கம், சூரியன், பிறைச் சந்திரன் ஆகிய அரச சின்னங்கள் அமைத்திருந்தனர். அப்போது அரியணையில் இருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன். 1765இல் ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அதுவும் போயிற்று. ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் நூதனசாலையில் இரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அன்பளிப்பா, கொள்ளையா என்ற வினாவுக்கு இரு நாட்டு ஆய்வாளரும் சின்னங்களையும் ஏடுகளையும் ஒப்பிட்டு விடை கண்டனர். 2023 டிசம்பரில் அப்பீரங்கி கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு மீண்டது. அதனுடன் வந்த ஐந்து பொருள்களில் இரண்டு, ‘மகா துவக்கு’ எனப்படும் நீண்ட மதில் துவக்குகள்.

வீட்டுத் துவக்குக்கும் இதே நியாயந்தான். யாருடையது, எப்படி வந்தது என்பதை வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்த ஒரு கடதாசி, விலையைக் கூட்டும். மணற்கடதாசியும் புளியும் கொண்டு பளபளக்கத் தேய்ப்பதோ, விலையைக் குறைக்கும். முத்திரைகள் முடியளவு ஆழமே உள்ளவை. ஒருமுறை தேய்ந்தால் மீளா. தேங்காயெண்ணெயும் வேண்டாம், மெல்லிய இயந்திர எண்ணெய் தோய்த்த பழந்துணியால் துடைத்தாற் போதும். துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமென 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1940ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. கண்டி இராச்சியம் முடிவுற்ற 1815 மார்ச் 2ஆந் திகதியே அச்சட்டம் வகுத்த கால எல்லை. ஆகவே உத்தரத்திலிருந்து ஒரு துவக்கு இறங்குமானால், வாங்க வருபவர் வாசலை அடையுமுன் பொலிஸ் நிலையத்திலும் தொல்பொருள் திணைக்களத்திலும் விசாரித்துக்கொள்வது நன்று. வாங்க வருபவர் இவற்றையெல்லாம் முன்னரே அறிந்திருப்பார்.